கையெழுத்திட முடியாத நாளைப் பற்றியும் கேளுங்கள்: காப்பீட்டு முகவர்களுக்கும் நிதி ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பீட்டு முகவர்களே, நிதி ஆலோசகர்களே,

வணக்கம். பக்கவாதமோ தண்டுவடக் காயமோ தாக்கியவர்கள் மறுபடி உட்காரவும் நிற்கவும் பழகும் மறுவாழ்வுப் பிரிவில் நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். நீங்களும் நானும் சந்திப்பது ஒரே குடும்பங்களைத்தான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது நீங்கள் அந்த வீட்டுக்குப் போகிறீர்கள். எல்லாம் கலைந்த பிறகு அவர்கள் எங்களிடம் வருகிறார்கள். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகள் எங்கள் சிகிச்சை அறையில்தான் முதன்முறையாக எழுகின்றன. அப்போது விடை தெரிந்த ஒரே ஆளுக்குப் பேச்சு வராமல் இருக்கும்.

"நாளைக்கே நீங்கள் இல்லாமல் போய்விட்டால்?" என்றுதான் பெரும்பாலும் பேச்சைத் தொடங்குகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடையாக ஆயுள் காப்பீடு, நாமினி, உயில் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. ஆனால் நான் பார்க்கும் வீடுகளில் யாரும் இல்லாமல் போய்விடவில்லை. கட்டிலில் இருக்கிறார். பிள்ளைகளை அடையாளம் தெரிகிறது, பார்த்ததும் கண் கலங்குகிறது. சம்பாதிக்க முடியாது, கையெழுத்திட முடியாது, துணையின்றிக் கழிப்பறைக்குப் போக முடியாது. இந்த நிலைக்கென்று அந்த வீட்டு அலமாரியில் ஒரு தாள்கூட இருப்பதில்லை. ஆயுள் காப்பீட்டுத் தொகை பொதுவாக உயிர் போனாலோ பாலிசி முதிர்ந்தாலோதான் வரும். நாமினிக்கு வேலை வருவது உயிர் போன பிறகுதான். உயிலும் அதுவரை உறங்கும். இறப்புக்கு மட்டும் தயாராக வைக்கப்பட்ட குடும்பங்களை நாங்கள் மறுபடி மறுபடி பார்க்கிறோம். அதனால்தான் இந்த மடல்.

இது எங்கோ யாருக்கோ நேர்வது என்று நீங்களே நினைக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்பவர்கள் உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர். ஆறில் ஒருவர் என்று கணக்கு. 25 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவரைத் தம் வாழ்நாளில் பக்கவாதம் தாக்கும் என்கிறது உலகப் பக்கவாத அமைப்பு. நீங்கள் போய் உட்காரும் மேசையைச் சுற்றி நான்கு பெரியவர்கள் இருந்தால் இந்தக் கணக்கை ஒருமுறை மனத்துக்குள் போட்டுப் பாருங்கள்.

உங்கள் துறைக்கு இதை உணர்த்திய ஒருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவின் மரியஸ் பர்னார்டு ஓர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். 1967இல் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. அந்தக் குழுவில் இவரும் இருந்தார். தாம் பிழைக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகள் பணமில்லாமல் நொடித்துப்போவதைக் கண்டு அவர் காப்பீட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டினார். 1983 அக்டோபரில் முதல் தீவிர நோய்க் காப்பீடு விற்பனைக்கு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், இதய ரத்தக்குழாய் மாற்றுவழி அறுவை சிகிச்சை என்று அதில் இருந்தவை நான்கே. இறந்தால் பணம் என்றிருந்த இடத்தில், பிழைத்தால் பணம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ஒரு மருத்துவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவருடைய அந்தக் கவலை உங்கள் விற்பனைப் பேச்சில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஏனெனில் அந்த பாலிசியை வாங்கியவர்களுக்கே அதில் என்ன இல்லை என்று தெரிவதில்லை. பட்டியலில் உள்ள நோய்க்குத்தான் பணம் உண்டு. பட்டியலில் இருந்தாலும் ஒப்பந்தம் சொல்லும் வரையறைக்கு நோய் பொருந்த வேண்டும். பாலிசி எடுத்த முதல் சில மாதங்களில் வரும் நோய் பெரும்பாலும் சேராது. நோய் கண்டறியப்பட்ட பின் இத்தனை நாள் உயிரோடிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். இரண்டு வாரம் என்பார்கள், ஒரு மாதம் என்பார்கள். பக்கவாதமாக இருந்தால், நரம்புப் பாதிப்பு மூன்று மாதங்களுக்குப் பிறகும் நீடிப்பதாகச் சான்று கேட்கும் ஒப்பந்தங்கள் பல.

இந்த மூன்று மாதத்தைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கவாதம் தாக்கிய மூளை இழந்த திறன்களை மிக வேகமாக மீட்பது முதல் மூன்று மாதங்களில்தான். ஆறு மாதம் வரை அந்த வேகம் ஓரளவு இருக்கும். பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. கை விரல்கள் மறுபடி மூடித் திறக்கவும், நாக்கு மறுபடி சொல்லைப் பிடிக்கவும் பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் அந்த வாரங்களில் காப்பீட்டுத் தொகை இன்னும் சான்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பணம் போதாமல் தினசரிப் பயிற்சியை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் நான் என்ன சொல்ல முடியும்? அந்த இடைவெளிக்கென்று ஒரு தொகை, எந்தப் படிவமும் நிரப்பாமல் எடுக்கக்கூடிய தொகை, தனியே இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி வையுங்கள் என்று நீங்கள் சொல்லும் வழக்கமான அறிவுரை, வேலை போனவர் வேறு வேலை தேடிக்கொள்வார் என்ற கணக்கில் பிறந்தது. நோயில் விழுந்த வீட்டில் வருமானம் நிற்கும் அதே நாளில் செலவு ஏறுகிறது. பழைய மாதச் செலவை வைத்துப் போட்ட கணக்கு அங்கே நிற்காது.

விபத்துக் காப்பீட்டில் நிரந்தர இயலாமைக்கும் பணம் உண்டு என்று சொல்லி விற்கிறீர்கள். உண்மைதான், காரணம் விபத்தாக இருக்கும்வரை. ரத்தக் குழாய் அடைத்துக் கால் செயலிழந்தவருக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. இதை விற்கும் நேரத்தில் சொல்லிவிடுங்கள். கிளைம் நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பொருளை என்னிடம் கேட்கிறார்கள்.

வேலை செய்ய முடியாத காலத்தில் மாதந்தோறும் ஒரு தொகை தரும் காப்பீடு சில நாடுகளில் பரவலாகவும், சில நாடுகளில் பேருக்கு மட்டுமாகவும் கிடைக்கிறது. கிடைக்கும் இடத்தில், 'வேலை செய்ய முடியாமை' என்று ஒப்பந்தம் எதைச் சொல்கிறது என்று வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். தம் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாவிட்டால் போதுமா, எந்த வேலையுமே செய்ய முடியாத நிலை வேண்டுமா? கையில் நடுக்கம் வந்த பல் மருத்துவர் இனிப் பல்லைத் தொட முடியாது. ஆனால் வகுப்பெடுக்க முடியும். முதல் வகை ஒப்பந்தம் அவருக்குப் பணம் தரும். இரண்டாம் வகை தராமல் போகலாம். அந்தக் காப்பீட்டிலும் முதல் சில வாரங்களோ மாதங்களோ காத்திருப்பு உண்டு. அரசுத் திட்டங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு இயலாமைத் திட்டத்தில்கூடப் பொதுவாக ஐந்து முழு மாதங்கள் கழித்துத்தான் உதவித்தொகை தொடங்குகிறது.

இன்னொன்றை விட்டுவிடுகிறீர்கள். சம்பாத்தியம் நின்ற வீட்டில் முதலில் நிறுத்தப்படும் செலவுகளில் பிரீமியமும் ஒன்று. மிக அவசியமான நேரத்தில் பாலிசி காலாவதியாகிறது. நிரந்தர இயலாமை வந்தால் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பிரிவு பல பாலிசிகளோடு கிடைக்கும். அதற்கான கட்டணம் அநேகமாகச் சிறியது. ஆண்டுகள் பலவாகக் கட்டிய பாலிசி அந்த ஒரு பிரிவு இல்லாமல் கைநழுவிப்போவதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

பணம் இருந்தும் தொட முடியாத வீடுகளைப் பற்றியும் பேச வேண்டும். கணக்கு அவர் பெயரில், வீடு அவர் பெயரில், கைப்பேசியின் பூட்டு அவர் விரல் ரேகையில். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்தப் பூட்டிய கைப்பேசிக்கே போய்ச் சேரும். செயலிழந்த கையின் விரலை எடுத்துத் திரையில் அழுத்திப் பார்க்கும் மனைவியைக் கண்டிருக்கிறேன். கணவன் மனைவி என்றால் ஒருவர் பணத்தை மற்றவர் எடுக்கலாம் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் திருமணம் அந்த அதிகாரத்தைத் தானாகத் தருவதில்லை. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், முடிவெடுக்க இயலாத நிலைக்குப் போனவரின் மருத்துவம் சார்ந்த விஷயங்களில் மட்டும் அவருடைய துணைவர் ஆறு மாதம் வரை முடிவெடுக்கலாம் என்று சட்டம் வந்தது. அதற்காகவே அங்கே தனிச் சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. அதுவும் வங்கிக் கணக்கைத் திறந்துவிடாது.

"பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்" என்று நிம்மதியாகச் சொல்லும் குடும்பங்களுக்கு விஷயம் இன்னும் கசப்பானது. பவர் பத்திரம் என்பது தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்த சாதாரணப் பவர் பத்திரம், அதை எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழக்கும்போது வலுவிழந்துவிடும். 1879இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. மனைவிக்குத் தம் பெயரில் பொருள் வாங்க அதிகாரம் கொடுத்திருந்த கணவர் மனநலம் குன்றி மருத்துவமனைக்குப் போனார். மனைவி தொடர்ந்து வாங்கினார். குணமாகி வந்த கணவர் பணம் தர மறுத்தார். விஷயம் தெரியாமல் கடன் கொடுத்த கடைக்காரருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் கணவரின் மனநலம் குன்றியபோதே மனைவியின் அதிகாரம் முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201இலும் இதே நிலைப்பாடுதான். குடை தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்வது போன்ற இந்தக் குறையைச் சில நாடுகள் சரிசெய்தன. திறன் இழந்த பின்னும் நீடிக்கும் பவர் பத்திரத்துக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1954இல் இடமளித்தது. இங்கிலாந்து 1985இல் சட்டமியற்றியது. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபோது மருத்துவ, பராமரிப்பு முடிவுகளும் அதில் அடங்கின. சிங்கப்பூரும் 2008இல் இயற்றிய சட்டத்தால் அதே வழியில் வந்தது. இத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் குடும்பம் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் ஆணை பெற வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவே ஆள் போதாத வீட்டில் இருந்து யார் நீதிமன்றம் போவது?

நீங்கள் வழக்கறிஞர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர் வாழும் இடத்தின் சட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவைத்திருப்பதும், தெளிவாக இருக்கும்போதே வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்வதும் உங்களால் முடியும். இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுச் செலவும் மருத்துவச் செலவும் சில மாதம் ஓடும் அளவுக்கு அதில் பணம் இருக்கட்டும். ஒருவருக்கு உடல்நிலை கெட்டால் அந்தக் கணக்கு எப்படி நடத்தப்படும் என்று வங்கியிடம் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த நிறுவனத்தில் எந்த பாலிசி, எந்தக் கடனுக்கு எந்தத் தேதியில் தவணை, யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று எழுதிய ஒரே ஒரு பக்கம், வீட்டில் இருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றிப் பேசும்போது உங்கள் கணக்கு பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. எங்கள் பார்வையில் உண்மையான செலவு வீடு திரும்பும் நாளில் ஆரம்பிக்கிறது. படுக்கைப் புண் வராமல் தடுக்கக் காற்று மெத்தை. மெத்தை இருந்தாலும் சில மணி நேரத்துக்கொருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்கவைக்க ஆள். சிறுநீர்க் குழாய், டயப்பர், தோலுக்கான களிம்பு, விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தனியாகத் தயாரிக்கும் உணவு. சக்கர நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு. வாசற்படி ஒரு அடி உயரமென்றால் சாய்தளத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் எத்தனை வீட்டு முன்புறத்தில் இருக்கிறது? ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனி வண்டி. இவற்றில் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் கட்டாயச் சமூகக் காப்பீட்டைத் தொடங்கின. அப்படியொன்று இல்லாத நாட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் வீட்டுக்குள்ளேயே, அநேகமாக ஒரு பெண்ணின் முதுகில், இறங்குகிறது. அவர் வேலையை விடுகிறார். நோயாளியின் வருமானம் நின்றதோடு இரண்டாவது வருமானமும் நிற்கிறது. அவருடைய ஓய்வூதியச் சேமிப்பும் அந்த நாளோடு வளர்வதை நிறுத்துகிறது. உங்கள் கணக்குத் தாளில் இதற்கு ஒரு வரி வேண்டும்.

இதே காரணத்தால்தான் ஒரு வாசகத்தைக் கேட்டால் எனக்குப் பொறுக்காது: "அவர்களுக்கு வருமானம் இல்லை, காப்பீடு எதற்கு?" வீட்டை நடத்துபவர் விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிரிவுக்கு வந்து பாருங்கள். சமையல், குழந்தைகள், முதியவர்கள், இருக்கும் நோயாளி என்று அவர் கூலியில்லாமல் செய்துவந்த அத்தனைக்கும் அடுத்த நாளே ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் சம்பாதிப்பவர் வேலையை விட வேண்டியிருக்கிறது. மூளை முடக்குவாதமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் இந்தப் பேச்சை இரட்டிப்புக் கவனத்தோடு பேசுங்கள். அவர்கள் "எங்கள் காலத்துக்குப் பிறகு" என்று யோசித்து ஏதாவது சேர்த்து வைத்திருப்பார்கள். தங்கள் காலத்திலேயே தாங்கள் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் காலையில் உணவூட்டுவது யார், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று அறிந்த இன்னொருவர் உண்டா என்பதை எழுதிவைத்த பெற்றோரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் கேட்டு, நோயாளியின் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிடுவதுதான் திட்டமிடல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பேச்சிழப்பு வருகிறது. சொல் வராது, அல்லது தவறான சொல் வரும். அறிவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். படத்தைக் காட்டினால், ஆம் இல்லை என்று தலையசைக்கும்படி கேட்டால், நேரம் கொடுத்தால், தம் பணத்தை என்ன செய்ய வேண்டும் என்று பலர் தெளிவாகவே சொல்லிவிடுவார்கள். அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் தலைக்கு மேலே அவருடைய சொத்தைப் பற்றி உறவினர்கள் பேசுவதைப் பலமுறை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஐ.நா. பொதுச் சபை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம் நிதி விவகாரங்களைத் தாமே கட்டுப்படுத்தும் சம உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்யச் சொல்கிறது. பவர் பத்திரம் எழுதுபவர் யாருக்கு, எதற்கு மட்டும், யார் மேற்பார்வையில் என்று வரம்பு கட்டி எழுதட்டும். வீட்டிலேயே ஏமாற்றப்பட்டவர்களையும் நாங்கள் பார்க்கிறோம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், வீட்டில் இருக்க விருப்பமா, யார் தம்மைக் குளிப்பாட்டலாம் என்பதுவரை அவர் விருப்பம் முன்பே பதிவாகியிருந்தால், பின்னால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வராது. குடும்பங்கள் உடைவது பணத்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள். "அவர் இதைத்தான் விரும்பியிருப்பார்" என்று ஆளுக்கொன்றாகச் சொல்வதில் உடைந்தவை நிறைய.

உங்கள் தொழிலின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. மாத இலக்கு இருக்கிறது. இறப்பைப் பற்றிப் பேசினால் ஒரு தாளில் கையெழுத்து விழுகிறது. இயலாமையைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்குகிறது, பேச்சு நீள்கிறது, பாதி யோசனைகளில் உங்களுக்குக் கமிஷனே இல்லை. கூட்டுக் கணக்குத் தொடங்கச் சொன்னதற்கு யார் உங்களுக்குப் பணம் தருவார்கள்? இருந்தும் உங்களைக் கேட்பதற்குக் காரணம், அந்த வீட்டில் பணத்தைப் பற்றி நேரடியாகக் கேட்க அனுமதி பெற்ற வெளியாள் நீங்கள் ஒருவர்தான். மகன் கேட்டால் சொத்துக்கு ஆசைப்படுகிறான் என்பார்கள். மருமகள் வாயே திறக்க முடியாது. மருத்துவர்களாகிய நாங்கள் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

எனவே என் வேண்டுகோள் இது. புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கப் போகும் முன், ஏற்கெனவே உங்களிடம் பாலிசி எடுத்தவர்களைப் பிரீமியம் புதுப்பிக்கும் மாதத்தில் ஒருமுறை நேரில் பாருங்கள். பணம் கட்டுபவரோடு வீட்டை நடத்துபவரையும் அதே மேசையில் உட்காரச் சொல்லுங்கள். இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்: நீங்கள் உயிரோடு இருந்து, ஓராண்டு வேலைக்குப் போகவும் கையெழுத்திடவும் முடியாமல் போனால், முதல் மாதச் செலவுக்குப் பணத்தை யார், எந்தக் கணக்கிலிருந்து எடுப்பார்? உங்களை யார் பார்த்துக்கொள்வார், அவர் வருமானத்துக்கு என்ன வழி? கையில் இருக்கும் பாலிசிகளில் எது அப்போது பணம் தரும், எது தராது? கடைசிக் கேள்விக்கான விடையை நீங்களே உங்கள் கையால், அவர்களுக்குப் புரியும் மொழியில், ஒரு தாளில் எழுதி, அடியில் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
மறுவாழ்வுப் பிரிவின் இயன்முறை மருத்துவர் ஒருவர்